ட்ரஸ்டில் இருந்த தம்பியின் பெயர்

இங்கே நம்மவர்கள் நாலு பேர் கூடினால் லிவிங் ட்ரஸ்ட் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. எந்த வக்கீல், எவ்வளவு ஆச்சு, வீட்டை அதில் சேர்த்தாச்சா என்று கொலு பார்க்கப் போன வீட்டில்கூட விசாரித்துக்கொள்கிறோம். எழுதியதை எப்போது, எப்படித் திருத்துவது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கையெழுத்துப் போட்ட அன்று வக்கீல் அலுவலகத்தில் கனமான ஒரு பைண்டர் கொடுப்பார்கள். முதுகில் குடும்பப் பெயர் தங்க நிறத்தில் பொறித்திருக்கும். பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கிற அலமாரியில் அதுவும் ஏறும். பெரும்பாலான வீடுகளில் அதன் கதை அத்தோடு சரி.

நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியாவில் இருக்கிறோம், எங்கள் ட்ரஸ்டைச் சமீபத்தில் முழுக்கத் திருத்தி எழுதினோம். அந்தச் சாக்கில் படித்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மாநிலத்தில் விதி வேறாக இருக்கலாம், அதைக் கடைசியில் உங்கள் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ரெவகபிள் லிவிங் ட்ரஸ்ட் என்றால் நாமே எழுதி, நாமே அதை நிர்வகிக்கும் ட்ரஸ்டியாக இருந்து, நினைவு தெளிவாக இருக்கும்வரை நம் சொத்தை நம் இஷ்டப்படி ஆள்வது. நமக்குப் பிறகு, அல்லது நமக்கு முடியாமல் போனால், சக்சஸர் ட்ரஸ்டி என்று நாம் குறித்த ஆள் கோர்ட்டுக்குப் போகாமலே பொறுப்பை எடுத்துக்கொள்வார். கலிஃபோர்னியாவில் இதற்கு இவ்வளவு மவுசு இருக்கக் காரணம் ப்ரோபேட், அதாவது ஒருவர் இறந்தபின் அவர் சொத்தைக் கோர்ட் வழியாக வாரிசுகளுக்கு மாற்றும் நடைமுறைக்கான கட்டணம். சொத்தின் முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 8 லட்சத்துக்கு 2 என்று சட்டத்திலேயே விகிதம் இருக்கிறது. 10 லட்சம் டாலர் வீடு என்றால் வக்கீலுக்கு 23,000. உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டரும் கேட்டால் அவருக்கும் அதே 23,000. வீட்டின் மேல் 7 லட்சம் கடன் பாக்கி இருந்தாலும் கட்டணக் கணக்கு 10 லட்சத்துக்குத்தான். கடனைக் கழிக்க மாட்டார்கள்.

எங்கள் ட்ரஸ்டில் சக்சஸர் ட்ரஸ்டி என் தம்பி. எழுதிய காலத்தில் அவன் நியூஜெர்சியில் எச்1பியில் இருந்தான். எனக்கும் என் கணவருக்கும் இந்த நாட்டில் இருந்த ஒரே ரத்த உறவு. வேறு யாரையும் யோசிக்கக்கூட இல்லை. அப்புறம் கிரீன் கார்டு வரிசையில் நின்று சலித்து, அம்மாவுக்கும் உடம்பு முடியாமல் போக, மதுரைக்கே திரும்பிவிட்டான். ட்ரஸ்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அவன் விமானம் ஏறியதோடு அந்த வரி எங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

விஷயம் இதுதான். ஒரு ட்ரஸ்ட் அமெரிக்க ட்ரஸ்டா, வெளிநாட்டு ட்ரஸ்டா என்று பார்க்க அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் இரண்டு கேள்வி கேட்கும். அமெரிக்கக் கோர்ட் ஒன்றின் மேற்பார்வைக்குள் வருகிறதா? முக்கிய முடிவுகள் எல்லாவற்றையும் அமெரிக்கக் குடிமக்கள் அல்லது வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர்கள்தான் எடுக்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் அது உள்நாட்டு ட்ரஸ்ட். நாங்கள் ட்ரஸ்டிகளாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. நாளைக்கு எங்கள் இருவருக்கும் ஏதாவது ஆகி, மதுரையில் இருக்கும் தம்பி பொறுப்பேற்றால், ஃப்ரீமாண்டில் வீடு, கலிஃபோர்னியாவில் வங்கிக் கணக்கு, இங்கேயே பிறந்த பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தும் அது வெளிநாட்டு ட்ரஸ்ட் ஆகிவிடும். பிள்ளைகளுக்கு அதிலிருந்து பணம் வருகிற வருடமெல்லாம் அதை ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்கும் படிவம் 3520. தாக்கல் செய்யத் தவறினால் அபராதம் 10,000 டாலரிலிருந்து ஆரம்பம். வாங்கிய பணத்தில் 35 சதவீதம் அதைவிட அதிகமானால் அதுதான் அபராதம். பிள்ளைகளுக்கு வர வேண்டியது வரும், ஆனால் வழியில் ஒரு கணக்காளர் குடும்பமும் அதில் பிழைக்கும்.

தம்பியையும் இங்கே இருக்கும் ஒருவரையும் சேர்த்து இரண்டு ட்ரஸ்டிகளாகப் போடலாமே என்று கேட்டேன். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்றால் தம்பியால் எதையும் தடுக்க முடியும். அப்படித் தடுக்கும் அதிகாரம் வெளிநாட்டில் இருப்பவரிடம் இருந்தாலே போதும், கதை கெட்டது. மூன்று பேர், அதில் இருவர் இங்கே, பெரும்பான்மை முடிவு என்று எழுதினால் தப்பிக்கலாம். ஆனால் மூன்று பேரை ஒரு வேலைக்கு வைத்தால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, தம்பியின் பெயரை எடுக்க வேண்டும். சட்டப்படி அவனிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நம் ட்ரஸ்ட், நம் இஷ்டம். ஆனால் அப்படி விட முடியுமா? போன் செய்தேன்.

"ட்ரஸ்ட்ல உன் பேரை எடுக்கச் சொல்றாங்கடா."

"மாமாவுக்கு என் மேல ஏதும் வருத்தமாக்கா?"

அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். வரி, படிவம், அபராதம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சிரித்தான். "அம்மா பென்ஷனுக்கு லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கவே எனக்கு லீவு போட வேண்டியிருக்கு. உங்க ஊர் வரியெல்லாம் எனக்கு எதுக்குக்கா? ஆனா பசங்களை மட்டும் யார்கிட்டயும் விட்டுடாத."

அவன் சொன்ன அந்தக் கடைசி விஷயத்துக்கு ட்ரஸ்டில் இடமே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கார்டியன் யார் என்று சொல்வது உயிலில். ட்ரஸ்டோடு சேர்த்து, அதில் சேராமல் விட்டுப்போன சொத்தை அதற்குள் அனுப்பும் போர்-ஓவர் வில் என்று ஓர் உயில் எழுதித் தருவார்களே, அதில்தான் அந்தப் பத்தி இருக்கும். கார்டியன் இந்தியாவில் இருப்பது பெரிய மாற்றம்தான், கோர்ட்டும் பிள்ளைகளின் நலனைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஆனால் ட்ரஸ்டி வெளிநாட்டில் இருந்தால் வருகிற வரிச் சிக்கல் இதில் கிடையாது. அதனால் பணம் இங்கே ஒருவரிடம், பிள்ளைகள் அவனிடம் என்று பிரித்தோம். நான் கேட்டால் இது பொதுவாகவே நல்ல ஏற்பாடு என்பேன். பிள்ளையை வளர்ப்பவர் பணத்துக்குக் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும், பணத்தை வைத்திருப்பவர் ஏன் கொடுத்தேன் என்று எழுதி வைக்க வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

சரி, மாற்றுவது எப்படி? இரண்டு வழி. ஒன்று அமெண்ட்மெண்ட். "நான்காம் பிரிவின் இரண்டாம் பத்தி முழுவதுமாக நீக்கப்பட்டு, அதன் இடத்தில் பின்வரும் பத்தி சேர்க்கப்படுகிறது. மற்றப் பிரிவுகள் எல்லாம் அப்படியே தொடரும்" என்கிற மாதிரி ஒன்றிரண்டு பக்கம். இன்னொன்று ரீஸ்டேட்மென்ட். ட்ரஸ்டின் பெயரும் முதல் தேதியும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பதை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுவது. அந்தப் பழைய தேதி முக்கியம். வீட்டுப் பத்திரத்திலும் வங்கிக் கணக்கிலும் "இன்ன தேதியிட்ட இன்னார் குடும்ப ட்ரஸ்டின் ட்ரஸ்டிகள்" என்றுதான் பெயர் இருக்கும். தேதி மாறாததால் அவற்றில் எதையும் தொட வேண்டாம். சிலர் பழையதை ரத்து செய்துவிட்டுப் புது ட்ரஸ்ட் எழுதுகிறார்கள். அப்புறம் வீடு, கணக்கு, பங்கு ஒவ்வொன்றையும் பழைய ட்ரஸ்டிலிருந்து வெளியே எடுத்துப் புதியதில் சேர்க்க வேண்டும். ஏதோ ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

ஒரே ஒரு பெயர்தானே, அமெண்ட்மெண்ட் போதுமே என்று என் கணவர் சொன்னார். செலவும் அதற்குத்தான் குறைவு. நான் ரீஸ்டேட்மென்ட்தான் வேண்டும் என்று நின்றேன். காரணம், எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆன்ட்டியின் வீட்டில் நடந்தது.

அவருக்கு மூன்று பிள்ளைகள். கணவர் போனபின் தன் பெயரில் ட்ரஸ்ட் எழுதினார், மூவருக்கும் சமபங்கு. பெரியவன் ஆன்ட்டிக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டான் என்று கோபத்தில் ஓர் அமெண்ட்மெண்ட்: பெரியவனுக்கு ஆயிரம் டாலர், மீதி மற்ற இருவருக்கும். பேத்தி பிறந்தாள், கோபம் போனது. இரண்டாவது அமெண்ட்மெண்ட்: மறுபடி சமபங்கு. கடைசிவரை ஆன்ட்டியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது அந்தப் பெரியவனும் அவன் மனைவியும்தான். கலிஃபோர்னியாவில் ட்ரஸ்ட் எழுதியவர் இறந்தால், 60 நாளுக்குள் வாரிசுகளுக்கும் பயனாளிகளுக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்டால் ட்ரஸ்டின் நகலைக் கொடுத்தாக வேண்டும். எதிர்த்து வழக்குப் போட நோட்டீஸ் தேதியிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம். நகல் என்றால் மூல ட்ரஸ்ட், முதல் அமெண்ட்மெண்ட், இரண்டாவது எல்லாம் சேர்த்துத்தான். பெரியவன் தன் மூன்றில் ஒரு பங்கைக் குறையில்லாமல் வாங்கிக்கொண்டான். கூடவே அந்த ஆயிரம் டாலர் பக்கத்தையும் படித்தான். அம்மாவின் கையெழுத்து, தேதி, நோட்டரி முத்திரை எல்லாம் இருக்கும் பக்கம். அந்தத் தேதியில் தான் எங்கே இருந்தோம், அம்மாவிடம் போனில் என்ன பேசினோம் என்றெல்லாம் கணக்குப் பார்த்ததாக அவன் மனைவி சொன்னாள்.

இரண்டாவது முறை ஆன்ட்டி ரீஸ்டேட்மென்ட் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் அவன் கைக்கே போயிருக்காது. ட்ரஸ்டை முழுமையாக ரீஸ்டேட் செய்திருந்தால், கடைசி ரீஸ்டேட்மென்ட்டால் வழக்கொழிந்த பழைய ஆவணங்கள் ட்ரஸ்டின் விதிகளில் சேராது என்று கலிஃபோர்னியா ப்ரோபேட் சட்டம் சொல்கிறது. கேட்டு வருபவருக்கு அவற்றைக் கொடுக்க வேண்டியதில்லை. இதை எந்த வக்கீலும் முதல் சந்திப்பில் விளக்கி நான் கேட்டதில்லை. பக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிற தொல்லை குறையும் என்றுதான் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பங்கில் கைவைக்கிற எந்த மாற்றத்துக்கும் என் வோட்டு ரீஸ்டேட்மென்ட்டுக்குத்தான். அதற்காகப் பழைய மூலத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். புதியதை யாராவது கோர்ட்டில் உடைத்தால் பழையது தேவைப்படும். வக்கீலிடமோ பெட்டகத்திலோ இருக்கட்டும்.

எந்த வழியாக இருந்தாலும், எப்படி மாற்ற வேண்டும் என்று ட்ரஸ்டிலேயே ஒரு பத்தி இருக்கும். முதலில் அதைத் தேடிப் படியுங்கள். எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்திட்டு ட்ரஸ்டியிடம் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமான வாசகம். சிலவற்றில் நோட்டரி முன்னால் என்றும் இருக்கும். ட்ரஸ்டில் சொன்ன முறை ஒன்று, சட்டத்தில் உள்ள பொதுவான முறை ஒன்று என்று இருந்தால் எது செல்லும் என்று கீழ்க் கோர்ட்டுகள் பல வருடம் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன. 2024ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. இந்த முறையில் மட்டும்தான் மாற்றலாம் என்று ட்ரஸ்ட் தெளிவாகச் சொல்லியிருந்தால் தவிர, சட்டத்தின் பொது முறையில் செய்த மாற்றமும் செல்லும். அந்த வழக்கில் நோட்டரி இல்லாத ஓர் அமெண்ட்மெண்ட் பிழைத்தது. பிழைத்ததே என்று நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர் வாங்கும் நோட்டரியை மிச்சம் பிடித்து, உச்ச நீதிமன்றம்வரை போவானேன்?

பைண்டரில் இருக்கும் மூலப் பக்கத்தில் பேனாவால் அடித்துத் திருத்துவது, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவது, வக்கீலுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மாற்றியாயிற்று என்று நிம்மதியாக இருப்பது, மூன்றும் வேண்டாம். வேலை மாறி வேறு மாநிலம் போகிறவர்கள் அங்கத்திய விதியையும் பார்க்க வேண்டும். ஃப்ளோரிடாவில், இறந்தபின் யாருக்கு என்ன என்று சொல்லும் பகுதிக்கு உயிலுக்கான சம்பிரதாயம் வேண்டும், இரண்டு சாட்சிகள். நியூயார்க்கில் நோட்டரி அல்லது இரண்டு சாட்சிகள், திருத்தத்துக்கும் அதேதான். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய ட்ரஸ்டில் பொதுச் சொத்தை (இருவருக்கும் பொதுவான கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டியை) பற்றிய மாற்றத்துக்குக் கலிஃபோர்னியாவில் இருவரும் சேர வேண்டும். ஆனால் பொதுச் சொத்தைப் பொறுத்தவரை ரத்து செய்வதை, ட்ரஸ்டில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஒருவர் தனியாகவே செய்யலாம். கொஞ்சம் விசித்திரமான சட்டம்தான்.

ஒருவர் இறந்தபின் நிலைமை வேறு. பல ட்ரஸ்டுகளில் போனவரின் பாதி அந்த நிமிடமே பூட்டப்பட்டுவிடும். இருப்பவரால் தன் பாதியை மட்டும்தான் மாற்ற முடியும். எஸ்டேட் வரி விலக்கு 6,75,000 டாலராக இருந்த 2000, 2001 காலத்தில் எழுதிய ட்ரஸ்டுகளில், முதலில் இறப்பவரின் பங்கு கட்டாயமாகத் தனி ட்ரஸ்டுக்குப் போகும்படி எழுதுவது வழக்கம். இன்றைக்கு, 2026ல், விலக்கு ஆளுக்கு 1.5 கோடி டாலர். அந்தப் பிரிப்பால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பயன் இல்லை, பிற்காலத்தில் பிள்ளைகள் வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரியில் இடிக்கவும் செய்யும். வீட்டில் பெரியவர்கள் அந்தக் காலத்து ட்ரஸ்ட் வைத்திருந்தால், இருவரும் இருக்கும்போதே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வாய் வராது என்று தெரியும்.

ட்ரஸ்டை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் அதில் இல்லாத சொத்தை அது ஆளாது. 401கே, ஐஆர்ஏ போன்ற ஓய்வுக்காலக் கணக்குகள், ஆயுள் காப்பீடு எல்லாம் பொதுவாக அந்தந்த நிறுவனத்தில் நாம் கொடுத்த பெனிஃபிஷியரி (பணம் பெறுபவர்) பெயர்ப்படிதான் போகும். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த நாளில் அப்பா பெயரைப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! இதைவிடப் பெரிய ஓட்டை, பழைய வீட்டுக் கடனை அடைத்துவிட்டுப் புதுக் கடன் வாங்கும் ரீஃபைனான்ஸ். 2020, 2021ல் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியபோது எல்லோரும் வரிசையில் நின்றோம். வீடு ட்ரஸ்டில் இருந்தால், கடன் முடிகிறவரை அதை வெளியே எடுங்கள் என்று பல கடன் நிறுவனங்கள் கேட்டன. கட்டுக்கட்டான காகிதங்களுக்கு நடுவில் அதற்கும் ஒரு டீட், அதாவது வீட்டுப் பத்திரம், இருந்தது, கையெழுத்துப் போட்டோம். திரும்ப உள்ளே வைக்கும் டீட் பல பேருக்கு எழுதப்படவே இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்யும் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் உங்கள் வீட்டின் கடைசி டீடின் நகலை வாங்கி, வாங்குபவர் பெயர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். "ட்ரஸ்டிகள்" என்ற சொல்லும் ட்ரஸ்டின் தேதியும் இருந்தால் சரி. வெறுமனே "கணவன் மனைவி" என்று உங்கள் இருவர் பெயர் மட்டும் இருந்தால் வீடு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். எங்களுடையது வெளியே நின்றது. அப்படியே விட்டால் கடைசி ஆளின் மரணத்தில் ப்ரோபேட்தான். போர்-ஓவர் வில் வீட்டை ட்ரஸ்டுக்கு அனுப்பும், ஆனால் ப்ரோபேட் வழியாக. ட்ரஸ்டின் பின்னிணைப்பில் வீட்டு முகவரி இருந்தால் 1993ம் வருடத் தீர்ப்பு ஒன்றை வைத்து ஹெக்ஸ்டாட் மனு போட்டு மீட்கலாம் என்பது உண்மை. அதற்கும் வக்கீல், கோர்ட், மாதக்கணக்கில் காத்திருப்பு. உயிரோடு இருக்கும்போது ஒரு டீட் எழுதினால் முடிந்தது. நாங்களும் எழுதினோம். நோட்டரி தன் பதிவேட்டில் வலது கட்டைவிரல் ரேகையை உருட்டி எடுத்துக்கொண்டார். சொத்துப் பத்திரம் என்றால் இங்கே ரேகை கட்டாயம். ஊரில் ரெஜிஸ்டர் ஆபீஸ் போய் வந்த மாதிரி விரலில் மை. இதனால் சொத்து வரி மறுமதிப்பீடு வராது, டீடோடு கொடுக்கும் படிவத்தில் அதற்கான கட்டத்தைக் குறித்தால் போதும். கடனை உடனே கட்டு என்று வங்கி கேட்குமோ என்ற பயமும் வேண்டாம். நாம் குடியிருக்கும் வீட்டை நம் ட்ரஸ்டுக்கு மாற்றுவதற்காக அப்படிக் கேட்கக்கூடாது என்று 1982லிருந்தே மத்தியச் சட்டம் இருக்கிறது.

ஊரில் இருக்கும் மனையையும் ஃபிளாட்டையும் இந்த ட்ரஸ்டில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அதற்கு அங்கே தனி உயில் எழுதுங்கள். எழுதும்போது ஒன்றில் கவனம். "இதற்கு முன் எழுதிய உயில்கள் எல்லாம் ரத்து" என்ற வழக்கமான வரியை அப்படியே விட்டால், மதுரையில் எழுதிய உயில் கலிஃபோர்னியாவில் எழுதியதை ரத்து செய்துவிடும். எந்த நாட்டுச் சொத்துக்கு எந்த உயில் என்று இரண்டிலும் சொல்லிவிட வேண்டும்.

தம்பியின் இடத்துக்கு என் கல்லூரித் தோழியைப் போட்டோம். சாக்ரமென்டோவில் இருக்கிறாள், குடியுரிமை வாங்கிவிட்டாள், பணக் கணக்கில் என்னைவிடக் கறார். அவளுக்கும் முடியாவிட்டால் உரிமம் பெற்ற தொழில்முறை ட்ரஸ்டி ஒருவரை நியமிக்கலாம் என்று ஒரு பத்தி. கையெழுத்துக்கு முன்பே அவளிடம் கேட்டேன். என்ன வேலை, எவ்வளவு நாள், எடுத்துச் செய்வதற்கு ட்ரஸ்டிலிருந்து ஊதியம் உண்டு, வேண்டாம் என்றால் மறுக்கலாம், பைண்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடி. ஆனா என் ட்ரஸ்ட்ல உன் பேர்தான் இருக்கு, உனக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது. அவள் அதை எழுதியது 2011ல். நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்த அபார்ட்மென்ட் முகவரிதான் இன்னும் அதில் இருக்கிறதாம்.